பட்டினி கிடக்கும் விருந்தாளி

தங்கவயலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்னைக் கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஆனாலும் நம் ஊரில் எனக்குத் தெரிந்த சில வீடுகளின் கூடத்தில் கடல்மீன் தொட்டி வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபின், நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் கடல்மீனை வாங்கி, நெரிசலில் நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வந்த மீன் சாப்பிடுவதில்லை. ஒரு வாரம், பத்து நாள், பிறகு மிதக்கிறது.

என் வீட்டிலும் இது நடந்தது. என் மகன் வாங்கி வந்தது நீண்ட மூக்கும் செம்புநிறப் பட்டைகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி மீன். கடைக்காரர் ஒரு டப்பா குருணைத் தீனியும் கொடுத்து, “பசித்தால் தானே தின்னும்” என்று சொல்லியனுப்பினார். ஒன்பது நாள் காலையும் மாலையும் குருணை போட்டோம். மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் இறந்தது. என் பேத்தி கேட்டாள்: “தாத்தா, அதற்குப் பசிக்கவே இல்லையா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தும் விசாரித்தும் அறிந்ததைச் சொல்லவே இக்கட்டுரை. “பசித்தால் தானே தின்னும்” என்பது கடலிலிருந்து பிடித்த மீனின் விஷயத்தில் தவறான வாக்கு என்பது என் முடிவு. மீனுக்குப் பசிக்கிறது. ஆனால் நாம் போடுவது உணவு என்று அதற்குத் தெரியாது. பவளப் பாறை இடுக்கில் நெளியும் புழுவையும் சிறு இறாலையும் கொத்தித் தின்றே வளர்ந்த உயிர் அது. மேலேயிருந்து விழும் உருண்டைக் குருணை அதற்கு மணலும் ஒன்று, தீனியும் ஒன்று. அத்தோடு பயணக் களைப்பு, புதிய நீர், பளீரென்ற விளக்கு, முன்பே குடியிருக்கும் மீன்களின் விரட்டல். புது ஊருக்கு வந்தவன் முதல் நாளே வயிறாரச் சாப்பிடுவானா? வெளியூரில் குடியேறி வாழும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே முதலில் இடம் சரியாக இருக்கவேண்டும். சமையல் உப்பு கரைத்த நீர் கடல்நீர் ஆகாது. அதற்கென விற்கும் கடலுப்புக் கலவையை, தாது உப்புகள் நீக்கிய நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்கவேண்டும். நம் ஊர் போர்வெல் நீரை அப்படியே ஊற்றக்கூடாது. கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மீனை விட்டால் அம்மோனியாவே அதன் பசியைக் கெடுத்துவிடும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் முடியாது.

மீன் வந்த அன்று விளக்கை அணைத்து வையுங்கள். ஒளிந்துகொள்ளக் கல் இடுக்கு இருக்கட்டும். பழைய மீன்கள் விரட்டினால் துளையிட்ட தடுப்பு ஒன்றை நடுவில் வைத்துப் பிரித்துவிடுங்கள். மறுநாள் முதல் உயிருள்ள உணவில் தொடங்குங்கள். அசைவதைக் கண்டால்தான் பல மீன்களுக்கு வாய் திறக்கும்.

அந்த உணவு நம் தமிழ்நாட்டு உப்பளங்களில் வாழும் உயிர்தான். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் உண்டு. அதன் முட்டை உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஒரு பாட்டில் உப்புநீரில் சிறு ஸ்பூன் முட்டையைப் போட்டு, காற்றுக் குழாய் விட்டு, வெளிச்சத்தில் 28 டிகிரி சூட்டில் வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால் குஞ்சுகள் அங்கே கூடும். உறிஞ்சி எடுத்து, வடிகட்டி, உடனே கொடுத்துவிட வேண்டும். நாள் கடந்தால் குஞ்சு தன் சத்தைத் தானே செலவழித்துவிடும். பெரிய மீன் இந்தப் பொடிக் குஞ்சைக் கவனிக்காது. அதற்கு உயிருள்ள சிறு இறால் வகைகள் வேண்டும்.

என் வீட்டில் இறந்த வகை மீனுக்குச் சிப்பியைத் திறந்து, ஓட்டோடு தொட்டியில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டில் ஒட்டிய சதையைக் கொத்துவது அதன் பழக்கம். பாசி தின்னும் மீனுக்குக் காய்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடலாம். பூண்டுச் சாறு தடவிக் கொடுத்தால் ருசிக்கும் என்று பலர் சொல்கிறார்கள். அதை நிரூபிக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. முயன்று பார்க்கலாம், நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது.

உயிருள்ளதைத் தின்னத் தொடங்கியபின் அதனுடன் உறைய வைத்த இறாலைச் சிறிது கலக்கவேண்டும். நாளுக்கு நாள் அதைக் கூட்டி, கடைசியில்தான் குருணை. இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். கொடுப்பது கொஞ்சமாகவும் பல தடவையாகவும் இருக்கட்டும். தின்னாமல் விட்டதைச் சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். சாப்பிடவில்லையே என்ற பாசத்தில் அள்ளிக் கொட்டுவதே பல வீடுகளில் நீரைக் கெடுத்து மீனைக் கொல்கிறது.

இத்தனையும் செய்தாலும் சில மீன்கள் பிழைக்கமாட்டா. பவளப் பூச்சிகளை மட்டுமே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் வகைகள் உண்டு. மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீன் உண்டு. இவற்றைச் சாதாரண வீட்டுத் தொட்டிக்கு விற்பதே தவறு, வாங்குவதும் தவறு. கடல் குதிரையும் பவளமும் 2001 முதல் நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்துவிட்டன. அவற்றின் பக்கமே போகவேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சயனைட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்த ஊர் இது. பொன் போனபிறகும் அந்தக் கழிவு மேடுகள் நம் கண்முன் நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசி நம் வீட்டுக்குள் வருகிறது. அதே சயனைட்டைக் கடலில் மீன் பிடிக்கவும் பயன்படுத்துகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களில் தொடங்கி, பிறகு இந்தோனேசியாவிலும் பரவிய வழக்கம் இது. மாத்திரையைக் கரைத்துப் பாட்டிலில் அடைத்து, பவளப் பாறை இடுக்கில் பீய்ச்சுவார்கள். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தவிடாமல் அந்த விஷம் தடுக்கும். மீன் மயங்கும், பிடிப்பது சுலபம். பவளம் சாகும். பிழைத்த மீன்களிலும் பல, கடை கடையாக மாறி யாரோ ஒருவர் வீட்டில் உயிர்விடும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கடலில், எப்படிப் பிடித்தது என்று சொல்லத் தெரியாத கடையில் நாம் ஏன் காசைக் கொடுக்கவேண்டும்? சயனைட் விட்டுச்சென்றதோடு வாழும் நாம் இன்னொரு கரையில் அது ஊற்றப்படுவதற்குத் துணை போகலாமா?

“அப்படியானால் கடல்மீனே வளர்க்கக்கூடாது என்கிறீர்களா?” என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. கடலில் இருப்பதைக் கடலிலேயே விடுவதுதான் உத்தமம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நடுவழி ஒன்று இருக்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீனை வாங்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்திலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படி வளர்ந்த மீன் சின்ன வயதிலேயே குருணைக்குப் பழகியது. சாப்பிட வைக்கும் போராட்டமே பெரும்பாலும் இராது.

ஆகவே என் யோசனை மூன்று. தொட்டியில் பிறந்த மீனா என்று முதலில் கேளுங்கள். எந்த மீனானாலும் உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். தின்றால் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு வருமுன்பே அதன் உணவைத் தயாராக வையுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரு புடவை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம், ஓர் உயிரை வாங்கும்போது ஒரு கேள்வி கேட்கக் கூச்சம் ஏன்?

என் மகன் இப்போது ஒரு ஜோடி கோமாளி மீன் வைத்திருக்கிறான். வாங்குமுன் கடையில் அரைமணி நேரம் நின்று, அவை தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தான். அன்று வழக்கமான ரயில் தவறிவிட்டது. பரவாயில்லை. மாலையில் பேத்தி தீனி டப்பாவை எடுத்தவுடன் இரண்டும் கண்ணாடி ஓரம் வந்து நிற்கின்றன.