பச்சை ஒளிக்கு யார் பொறுப்பு?

துத்தநாக ஆக்சைடுப் படிகத்தின் மீது புறஊதா லேசரைப் பாய்ச்சினால், 520 நானோமீட்டரை ஒட்டி அகன்றதொரு பச்சை ஒளி எழுவதுண்டு. அதைக் கண்ட மாத்திரத்தில் "ஆக்சிஜன் வெற்றிடங்களால் விளைந்தது" என்று எழுதிவிடுவது ஆய்வுலகில் ஒரு சடங்காகிவிட்டது. முந்தைய கட்டுரை அப்படிச் சொன்னது. அதற்கு முந்தையதும் அப்படியே சொன்னது. மேற்கோள்கள் பெருகிய அளவுக்குச் சான்று பெருகவில்லை.

1969-இலேயே ஆர். டிங்கிள் இப்பச்சை ஒளியை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஆராய்ந்து, அதன் தொடக்கக் கோடு இரண்டாகப் பிரிந்திருப்பதைக் காட்டினார். அவற்றின் வலிமை, செம்பு-63, செம்பு-65 ஆகிய ஐசோடோப்புகள் இயற்கையில் ஏறத்தாழ 69-க்கு 31 எனக் கலந்திருக்கும் விகிதத்தோடு பொருந்தியது. செம்பு அங்கே தன் கையொப்பத்தை இட்டிருந்தது. எல்லாப் பச்சை ஒளியும் செம்பினுடையது என்று இதற்குப் பொருளில்லை. பெயர் சூட்டுமுன் இத்தகைய சான்று வேண்டும் என்பதே பாடம்.

அயனி உட்பதிப்பில் சிக்கல் இரட்டிப்பாகிறது. டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் கற்றை நேரம் பெற, துவாரகா 16-சி இந்திரப்பிரஸ்தப் பல்கலைக்கழகம் உட்பட நாடெங்குமிருந்து ஆய்வாளர்கள் விண்ணப்பிக்கின்றனர். முடுக்கப்பட்ட அயனி படிகத்துள் மாசாக மட்டும் நுழைவதில்லை. வழியெங்கும் அணுக்களை இடம்பெயர்த்துக் காயப்படுத்துகிறது. பின்னர்ச் சூளையில் சூடேற்றினாலும் அக்காயம் முற்றும் ஆறுவதில்லை. எனில், புதிதாய்த் தோன்றும் ஒளி மாசினுடையதா, காயத்தினுடையதா?

இதற்கு விடை காணும் வழிகள் உண்டு. கதிரியக்க இந்தியம்-111-ஐப் பதித்து, துத்தநாக ஆக்சைடின் ஐ-9 என்னும் கோட்டை நாள்தோறும் அளந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. இந்தியம் 2.8 நாள் அரைவாழ்வில் காட்மியமாகச் சிதையச் சிதைய, அக்கோடும் அதே வேகத்தில் மங்கியது. ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை.

கதிரியக்கத்தைக் கையாள எல்லா ஆய்வகங்களாலும் இயலாது. கற்றை நேரமும் அரிது. இவை நியாயமான மறுப்புகள். ஆயினும் படிகத்தின் ஒரு பாதியை மறைத்துவிட்டு மறுபாதியில் மட்டும் அயனியைப் பதிக்க, கூடுதல் கற்றை நேரம் தேவையில்லை. இரு பாதிகளும் ஒரே சூளையில் ஒரே வெப்பத்தைக் காணும்; சூளை செய்த வேலை தனியே தெரிந்துவிடும். காயத்தைப் பிரித்தறிய, அதேயளவு சேதம் விளைவிக்கும் ஆர்கான் போன்ற மந்த அயனியைப் பதித்த இரண்டாம் மாதிரி வேண்டும். அதற்கு நேரம் செலவாகும். விண்ணப்பத்திலேயே அந்நேரத்தைக் கேட்க வேண்டும், வழங்குவோரும் அதை வீண் என்று கருதலாகாது.

தவறான பெயர் ஒரு கட்டுரையோடு நிற்பதில்லை. அதை நம்பி அடுத்த மாணவர், இல்லாத வெற்றிடத்தை நிரப்புவதில் தம் ஆய்வுக்காலத்தைக் கழிக்கிறார். சான்று கிட்டாதபோது "மூலம் உறுதிப்படவில்லை" என்று எழுதுவதில் இழுக்கு ஏதுமில்லை. அவ்வரிக்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் மதிப்பீட்டாளரே வெட்கப்பட வேண்டும்.