வண்டி ஷெட்டில் வெந்நீர் பாய்லர்

பாய்லர் என்றதும் பலருக்கு நெய்வேலி அனல் மின் நிலையம்தான் ஞாபகம் வரும். 2020 மே, ஜூலை என்று இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை அங்கே பாய்லர் விபத்து நடந்து பலர் இறந்துபோனார்கள். ஆனால் காஞ்சிபுரத்துப் பழைய தெருக்களில் பாய்லர் என்றால் அது வேறு சாமான். கொல்லைப்புறத்தில் நிற்கும் செம்புப் பாய்லர். நடுவில் ஒரு குழாய், அடியில் கம்பிச் சல்லடை, அதற்கும் கீழே சாம்பல் தட்டு. குழாய்க்குள் தேங்காய் மட்டையையும் விறகுச் சுள்ளியையும் போட்டுப் பற்றவைத்தால் கால் மணி, அரை மணியில் குளிக்க வெந்நீர் தயார்.

இந்தப் பாய்லரைப் பழங்காலத்துச் சாமான் என்று கேலி செய்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கெட் (20 லிட்டர்) தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் வேண்டும். நாலு பேர் குளித்தால் தினமும் சுமார் இரண்டு யூனிட், இரண்டு மாத பில்லில் 110 யூனிட்டுக்கு மேல். கொல்லையில் விழும் மட்டையும் ஓலையும் சும்மா கிடைக்கும்போது கீசர் வாங்கு என்று உபதேசம் செய்வது சுலபம். போதாததற்குச் செம்பு பழசானாலும் எடைக்கு விலை போகும். தேய்மானம் போட்டபிறகும் இப்படி மதிப்பு நிற்கும் சொத்து வீட்டில் அதிகம் இருக்காது.

ஆகவே பிரச்னை பாய்லரில் இல்லை, அதை வைக்கும் இடத்தில் இருக்கிறது.

நெசவாளர் வீடு நீளமானது. முன்னால் தறி, நடுவில் முற்றம், கடைசியில் கிணற்றடி. பாய்லர் கிணற்றடியில் ஒரு கீற்றுச் சார்ப்பின் கீழ் நிற்கும். மூன்று பக்கமும் திறந்த வெளி என்பதால் புகை தன் இஷ்டப்படி போய்விடும். பயம் எல்லாம் கீற்றைப் பற்றித்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையல் அடுப்பின் தீ கீற்றுக் கூரையில் பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கீற்று என்றாலே தமிழ்நாட்டில் ஒரு நடுக்கம் வந்துவிட்டது. பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. வீடுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீற்று போய்த் தகரமும் சிமெண்ட் ஷீட்டும் வந்தன. நல்லதுதான்.

ஆனால் தகரம் போட்டவர்கள் கூடவே சுவரும் எழுப்பினார்கள். பைக் வாங்கியபின் அதற்கு ஒரு ஷெட் வேண்டும், திருட்டுப் பயத்துக்கு ஷட்டர் வேண்டும். முற்றத்தை மூடி, கிணற்றடியையும் கட்டிவிட்ட பிறகு பாய்லரை எங்கே வைப்பது? வண்டி ஷெட்டின் ஒரு மூலையில். கீற்று இருந்த காலத்தில் தீ பயம் இருந்தது, புகை பயம் இல்லை. இப்போது கூரை பற்றாது, ஆனால் புகைக்கு வழி இல்லை. ஒரு ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிய இந்த வியாபாரம் யார் கண்ணிலும் படவில்லை. கூரையில் தீப்பிடித்தால் ஊரே ஓடிவரும். கார்பன் மோனாக்சைடு வந்தால் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியாது.

இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கண்ணை எரிக்கிற புகை வேறு, இது வேறு. காற்று போதாமல் விறகும் கரியும் அரைகுறையாக எரியும்போது இது அதிகமாக வரும். நன்றாகக் கனிந்த தணல், புகையே இல்லாதபோதுகூட இதை விட்டுக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், கிறுகிறுப்பு, குழப்பம். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அந்தப் படுக்கைதான் ஆபத்து. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று செய்தி வரும்போது மலை ஊர்ச் சமாச்சாரம் என்று எல்லோரும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். மூடிய ஷெட்டில் மலை என்ன, சமவெளி என்ன.

கோயில் மடப்பள்ளி கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவு ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கும் குடலை இட்லி ஊருக்கே தெரியும். பொதுவாகவே பெரிய கோயில் மடப்பள்ளி என்றால் தனிக் கட்டடம், கல் சுவர், உயரமான கூரை, புகை போக வழி. நெருப்போடு தினமும் வேலை என்றால் அதற்கென்று தனி இடம் வேண்டும் என்ற எளிமையான புத்தி. சாயப் பட்டறைக்காரர்களுக்கும் இது அத்துபடி. பட்டு நூலைச் சோப்பு, சோடா கலந்த கொதிநீரில் போட்டுப் பசை நீக்குவார்கள்; அதிலேயே எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். பிறகு சாயத் தொட்டி. மணிக்கணக்கில் விறகடுப்பின் முன் நிற்பவர்கள் பட்டறையின் பக்கச் சுவர்களைத் திறந்தே விடுவார்கள். வெக்கை தாங்காமல் செய்ததுதான் என்றாலும் அதுவே உயிரையும் காப்பாற்றுகிறது.

வண்டி ஷெட்டில் இன்னொரு விஷயமும் சேர்கிறது: பெட்ரோல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தவழும். பாய்லருக்குக் காற்று போகும் வாய் எங்கே இருக்கிறது? சாம்பல் தட்டுப் பக்கம், தரையிலிருந்து நாலு விரல்கடை உயரத்தில். வேண்டுமென்றே திட்டம் போட்டு வைத்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது! அமெரிக்கக் கட்டட விதிகளில் கேரேஜுக்குள் வைக்கும் கேஸ் ஹீட்டரின் தீ வரும் பாகம் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பது இதனால்தான். விறகுப் பாய்லருக்கு அந்த 18 அங்குல மேடைகூடப் போதாது, பொறி பறந்து எங்கேயும் விழும். வண்டியும் பாய்லரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. இடம் இல்லை என்றால் வண்டி தெருவில் நிற்கட்டும்.

தனிக் கொட்டகையே கட்டுகிறவர்களும் சில சங்கதிகளில் கோட்டை விடுகிறார்கள். புகைக்குழாய் கூரையைத் தாண்டி ஒரு முழம் எட்டிப் பார்த்தால் போதும் என்று கொத்தனார் சொல்வார். போதாது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் எந்தச் சுவரையும் கூரையையும்விட 2 அடி அதிகமாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும் தெருவில் இந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம். இல்லாவிட்டால் பக்கத்து மாடிச் சுவரில் காற்று மோதித் திரும்பிப் புகையைக் குழாய்க்குள்ளேயே அமுக்கும், அல்லது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் அனுப்பும். அங்கே வெளிர் நிறப் பாவு தறியில் ஏறியிருந்தால் கரி படிந்த நூலுக்கு யார் பதில் சொல்வது? ஒரு பாவில் மூன்று புடவை. நூல் பெரும்பாலும் சங்கத்துடையது அல்லது முதலாளியுடையது. கூலி மட்டும்தான் நெய்கிறவருக்கு, நஷ்டம் வந்தால் அது கடனாக அவர் தலையில் ஏறும்.

குழாய் சிமெண்ட் ஷீட்டைத் தொட்டபடி போகக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் ரொம்பச் சூடானால் பட்பட்டென்று வெடித்துச் சிதறும். பிவிசி குழாயைப் புகைபோக்கியாக வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். விறகு அடுக்கு, வைக்கோல், தறிச் சாமான் எதுவும் பாய்லரிலிருந்து 3 அடிக்குள் இருக்கக் கூடாது. பட்டு சட்டென்று பற்றாது, மயிர் கருகும் நாற்றத்தோடு கருகி நின்றுவிடும் என்று நெசவாளர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தறி மரமும் கயிறும் ஜக்கார்டு அட்டையும் அப்படி நிற்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விபரீதம் இந்தப் பாய்லரை நவீனப்படுத்துகிறேன் என்று கிளம்புவது. பழைய பாய்லரில் ஒரு அழகு இருக்கிறது. மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், அதே அளவு வெந்நீரை மேலிருந்து வெளியே தள்ளும். வாய் எப்போதும் திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் சேரவே சேராது. இதைப் போய் ஓவர்ஹெட் டாங்க் பைப்போடு இணைத்து, புனலை அடைத்து, வெளியே போகும் பக்கம் ஒரு வால்வும் போட்டால் அது அடுப்பு மேல் உட்கார்ந்த வெடிகுண்டு. தண்ணீர் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் சுமார் 1600 மடங்கு இடம் கேட்கும். செம்புத் தகட்டுக்கும் ஈயப் பற்றுக்கும் அந்தப் பலம் கிடையாது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் இந்தக் கொல்லைப்புறம் வரை வராது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து, அடுத்த வருஷமே வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்தது. பிறகு 1923-ல் நாடு முழுவதற்கும், இப்போது 2025-ல் புதிய சட்டம். ஆனால் 25 லிட்டருக்குக் குறைந்தவையும், 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சுடவைப்பவையும் அதற்குள் வராது. சட்டம் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டு வெந்நீருக்கும் இன்ஸ்பெக்டர் வந்தால் அது வேறு தொல்லை. ஆனால் யாரும் பார்க்காத பாய்லர் என்றால் வீட்டுக்காரர்தான் பார்த்தாக வேண்டும். காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும்போது விறகடுப்பு எங்கே, புகைக்குழாய் எங்கே என்று ஒரு கேள்வி கேட்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். தாத்தா காலத்தில் கிணற்றடிக்குச் சுவர் இல்லை, வண்டி என்றால் சைக்கிள். பாய்லர் அதேதான், வீடு மாறிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். மழையில் விறகு நனைந்திருக்கும், ஈர விறகு புகையும், சாரல் அடிக்காமல் இருக்க ஷட்டரை இறக்குவார்கள், வெந்நீரும் அப்போதுதான் அதிகம் வேண்டும். மழைக்கு முன்பே சவுக்கோ கருவேலமோ வாங்கிப் பிளந்து, காற்றாட அடுக்கி, மேலே மட்டும் மூடிவைத்தால் பாதிக் கவலை குறையும். பாய்லருக்குப் பக்கத்து அறையில் யாராவது படுப்பதாக இருந்தால் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டலாம், ஆன்லைனில் கிடைக்கிறது. கனிந்த சாம்பலை மறுநாள் வரை மூடி போட்ட தகர டின்னில் வைக்க வேண்டும், சாக்கில் கட்டி ஷெட் மூலையில் வைப்பது வேண்டாம். குளித்து முடித்தபிறகு தணல் அணையும் வரை ஷட்டர் மேலேயே இருக்கட்டும். மழைச் சாரலில் வண்டி சீட் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.