அழாத பிள்ளைக்கும் பால் வேண்டும்

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்ற பழமொழியைச் சங்கக் கூட்டங்களில் நாம் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். கேட்காதவனுக்குக் கூலி உயராது என்பதை விளக்க அதைவிடப் பொருத்தமான வாக்கு வேறில்லை. ஆனால் மேடைக்கு ஏற்ற அந்தப் பழமொழி, பிறந்து நாலு நாளான சிசுவுக்கு ஏற்றதன்று. "பிள்ளை அயர்ந்து தூங்குகிறது, எழுப்பாதே, பசித்தால் தானே அழும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், அந்தச் சொல்லை மீற அஞ்சி இளந்தாய் விடியும்வரை காத்திருப்பதும் தோட்டத்திலும் பட்டணத்திலும் நாம் காணும் காட்சி. பெரியவர்களின் அன்பை நாம் குறை கூறவில்லை. அவர்கள் சொல்லும் முறையைத்தான் மறுக்கிறோம்.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிறந்தபோது இருந்த எடையைப் பிள்ளை மீண்டும் எட்டும்வரை, தூங்கினாலும் எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது.

காரணத்தைக் கேளுங்கள். பிறந்த சிசுவின் வயிறு மிகச் சிறியது. இரவும் பகலுமாக 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை அது பால் குடிக்க வேண்டும். முதல் சில நாளில் எல்லாப் பிள்ளைகளும் எடை குறைகின்றன. 3 கிலோ எடையுடன் பிறந்த பிள்ளை 200 கிராம் வரை இழப்பது இயல்பு. 300 கிராமை எட்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இழந்த எடை 10 முதல் 14 நாளுக்குள் திரும்பிவிடும். அதுவரை ஒரு முறை பால் கொடுத்ததற்கும் மறுமுறை கொடுப்பதற்கும் இடையில் மூன்று மணி நேரம், மிஞ்சினால் நாலு மணி நேரம். அதற்கு மேல் விடலாகாது. பால் போதாத பிள்ளை எப்போதும் வீறிட்டு அழும் என்று எண்ணாதீர்கள். அதற்குச் சக்தி குறையும். சக்தி குறைந்தால் தூக்கம் கூடும். தூக்கம் கூடினால் குடிப்பது இன்னும் குறையும். அது வயிறு நிறைந்த தூக்கமன்று, சோர்வின் தூக்கம்!

இதோடு மஞ்சள் காமாலை சேர்ந்துகொண்டால் ஆபத்து இரட்டிக்கிறது. சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டியுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை அறியாத தமிழர் இல்லை. மலாய் மொழியில் அப்பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 1924-ல் பிரசவ மருத்துவமனையாகிய அங்கே, 1966 என்ற ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல்! 1997-ல் அது அருகிலேயே புதிய கட்டடத்துக்குப் போயிற்று. அந்நாளில் அந்நகரின் மருத்துவர்களை வாட்டிய நோய்களில் ஒன்று சிசுக்களின் காமாலை. ஜி-6-பி-டி என்னும் இரத்தக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அது கடுமையாக வந்தது. 1965 முதல் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து அக்குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் முறை சிங்கப்பூரில் ஏற்பட்டது. அக்குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டை வைக்கவே கூடாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

காமாலையின் மஞ்சள் நீர் பெரும்பாலும் மலத்தின் வழியேதான் வெளியேறுகிறது. பால் குறைந்தால் மலம் குறையும். வெளியேற வேண்டிய நஞ்சு குடலிலிருந்து மறுபடியும் இரத்தத்துக்கே திரும்பும். மஞ்சள் ஏறினால் பிள்ளை மயங்கித் தூங்கும். தூங்கும் பிள்ளை பால் குடிக்காது. அளவு மீறி மூளையைத் தாக்கினால் காது கேளாமற் போகலாம், கை கால் விளங்காமற் போகலாம், உயிரே போகலாம். காமாலை பெரும்பாலும் தாயும் சேயும் வீடு திரும்பிய பிறகே உச்சத்துக்கு ஏறுகிறது. ஆகவே அதைக் கவனிக்கும் முதற்காவல் தாதியன்று, நாமே. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாமல், சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கும் தோட்டங்களில் அரசாங்க மருந்தகத்துக்கும் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும்.

பால் மரம் வெட்டும் நமக்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும். ரப்பர் மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு கொடுத்தால்தான் பால் நன்றாக இறங்கும். தாய்ப்பால் அதற்கு நேர்மாறானது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். முதல் வாரங்களில் இரவு முழுவதும் விட்டுவிட்டால் சுரப்பு குறையும். பிறகு "தாய்க்குப் பால் இல்லை" என்ற பேச்சு எழும். டின் பால் வீட்டுக்குள் நுழையும். 1939-ல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டுப் பேசினார். சீனி சேர்த்த டின் பாலைச் சிசுக்களுக்கு உகந்ததென்று விற்றவர்களை, உயிர்க்கொலைக்குரிய குற்றம் செய்வோராகவே அவர் சாடினார். நம் துறைமுகங்களில் ரப்பர் ஏறிய கப்பல்களிலேதான் அந்த டின்களும் வந்து இறங்கின. மருத்துவர் தேவையென்று சொல்லி மாவுப் பால் கொடுப்பது வேறு; அதில் பழியில்லை. அதையும் இதே மணிக்கணக்கில் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

சரி, எழுப்புவது யார்? இங்கேதான் இது தொழிலாளர் பிரச்சினையாகிறது. இருட்டோடு பெரட்டுக்கு நிற்க வேண்டிய பெண்ணிடம் "இரவில் மூன்று முறை எழுந்திரு" என்று சொல்வது சுலபம். அவளுக்கு ஓய்வு எங்கே? மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மணமான தகப்பனுக்கும் 7 நாள் சம்பள விடுப்பு உண்டு; ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் குடியுரிமை பெற்ற பிள்ளையின் தாய்க்கு 16 வாரம். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் அத்தகைய பிள்ளையின் தகப்பனுக்கு 4 வாரம். இவை எவரும் மனமிரங்கிக் கொடுத்த தானமல்ல, உரிமை. கேட்கத் தெரியாமல் அந்த நாள்களை இழப்பவர்கள் நம்மிடையே இருக்கக் கூடாது. செக்ரோல் எழுதும் கிராணிமார்களே, கர்ப்பிணியின் கணவனை நாமே அழைத்துச் சொல்வோம். அவன் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பதும் பிள்ளை அழட்டும் என்று காத்திருப்பதும் ஒன்றே.

விடுப்பு எடுத்த தகப்பன் படுத்து உறங்குவதற்காக எடுக்கவில்லை. அவன் எழுந்து, சுற்றிய துணியை அவிழ்த்து, ஈரத்துணி மாற்றி, உள்ளங்காலை மெல்லத் தேய்த்துப் பிள்ளையை விழிக்கச் செய்து தாயின் மார்பில் கொடுக்கட்டும். குடித்தபின் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்யட்டும். மாமியாரும் அத்தையும் பகலில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, தாயைத் தூங்க விடட்டும். ஒரு நோட்டில் பால் கொடுத்த மணியையும் ஈரத்துணியின் எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். ஐந்தாம் நாளுக்குமேல் நாளொன்றுக்கு ஆறு ஈரத்துணியாவது இருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த எடையைத் தாண்டி நன்றாக ஏறுகிறது என்று தாதி நிறுத்துப் பார்த்துச் சொன்னபின் எழுப்ப வேண்டியதில்லை. அதன் பசியே அதை எழுப்பும். குறைமாதப் பிள்ளைக்கும் காமாலைப் பிள்ளைக்கும் மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு. எழுப்பியும் விழிக்கவில்லை, குடிக்க மறுக்கிறது, மஞ்சள் காலுக்கு இறங்கிவிட்டது, உடம்பு சுடுகிறது என்றால் விடியட்டும் என்று இராதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வண்டி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் வண்டி கொடுங்கள். சங்கம் என்பது சந்தா வசூலிப்பது மட்டுமன்று தோழர்களே!