மிச்சப்பட்ட வெள்ளி எங்கே போகிறது?

புத்தாண்டு பிறக்கும்போது ஏதாவதொரு சங்கற்பம் செய்துகொள்வதும், பொங்கல் பானை இறங்குவதற்குள் அதை மறந்துவிடுவதும் உலகத்தார் எல்லோருக்கும் பொதுவான வழக்கமாயினும், அண்மைக் காலத்தில் படித்த இளைஞரிடையே பரவிவரும் ஒரு புது விரதம், அதாவது ஓராண்டுக் காலம் அத்தியாவசியமல்லாத எதையும் விலைகொடுத்து வாங்குவதில்லை என்று தமக்குத் தாமே சில விதிகளை வகுத்துக்கொள்ளும் விரதம், சற்று நின்று ஆராயத் தக்கதென்று எனக்குத் தோன்றுகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து நண்பர்கள் சிலர் 2006ஆம் ஆண்டு முழுவதும் உணவும் மருந்தும் போன்றவை நீங்கலாகப் புதுப்பொருள் எதையும் வாங்குவதில்லையென்று ஒப்பந்தம் செய்துகொண்டு, பழையவற்றைக் கைமாற்றியும் இரவல் வாங்கியும் காலந்தள்ளிய செய்தி அப்போது பத்திரிகைகளில் அடிபட்டது. இன்று அந்தக் காற்று கேமரன் மலைக்கும் வந்துவிட்டது. கோலாலம்பூரில் உத்தியோகம் பார்த்துவிட்டு விடுமுறைக்கு வீடு திரும்பும் தோட்டத்துப் பிள்ளை, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒன்றும் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்துத் தாய் சிரித்தால் அதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சிரிப்புக்கு நியாயமுண்டு. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் 1929இல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, கோடரியும் மண்வெட்டியும் கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையுமே துணையாகக் காட்டை அழித்துச் சரிவுகளைப் பச்சையாக்கிய கூலிகளின் சந்ததியார், லயத்து வீட்டிலே, சம்பளத் தேதிக்கும் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில் நடத்திய ஜீவனம் எளிமையாக இருந்ததற்குக் காரணம் வேறு வழியில்லாமையே. இன்றைக்கும் சுங்கை பாலாஸ் சரிவுகளில் கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்து, கிடைப்பதில் பெரும்பங்கை ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் வயிறு கழுவுகிறவர்கள். 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பின்பும் அவர்களிடம் சென்று ஆடம்பரத்தைத் துறந்துவிடுங்கள் என்று உபதேசிக்க நெஞ்சழுத்தம் வேண்டும். ஆகவே இந்த விதிகள், வாங்கவும் வாங்காமலிருக்கவும் சக்தியுள்ள நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

நம் வீடுகளின் நிலைமையைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்தால், கல்யாணத்துக்கு வந்த தங்க விளிம்பிட்ட பீங்கான் கோப்பைகள், அடியில் ஒட்டிய விலைச்சீட்டும் உரியாமல், ஆறும் ஆறு தட்டுகளுமாக வரிசையாய் வீற்றிருக்கும். வீட்டிலுள்ளோரோ காதுடைந்த எவர்சில்வர் குவளையில் தேநீர் குடிப்பார்கள். தேயிலை விளையும் மலையிலேயே தேநீர்க் கோப்பைக்கு இந்தக் கதி! அலமாரிக்கு மேலே இன்னும் பெட்டி பிரிக்காத சோறாக்கும் மின்சாரப் பானை இரண்டு. கட்டிலுக்கடியில் தவணை முடியுமுன்பே பழுதான ஒலிபெருக்கி. பண்டங்களைக் காட்டிலும் தவணையே பெரிய வியாதி என்பது என் அபிப்பிராயம். பண்டம் வீட்டில் இடத்தை மட்டுமே அடைக்கிறது. தவணையோ இன்னும் பிறக்காத மாதத்தின் சம்பளத்தை இன்றே கொண்டுபோய்விடுகிறது.

இனி, விரதம் என்பது நமக்குப் புதிதா? தைப்பூசத்துக்கும் சபரிமலைக்கும் மாலையிட்டு ஒரு மண்டலம் நாவையும் மனத்தையும் கட்டிக் காப்பவர்கள் நம்மில் ஆயிரக்கணக்கானோர். ஆனால் மாலை கழன்ற மறுநாளே விட்டுவைத்ததையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற வேகத்தைப் பார்த்தால், கட்டுப்பாடு ஒரு பள்ளத்தில் தேங்கி நின்று பிறகு அணையுடைந்து போகிறதென்றே சொல்லத் தோன்றுகிறது. இதற்குக் காரணம், எதை விடுவது என்பதைத் திட்டமாக வகுத்த நாம், விட்டதால் மிஞ்சியது எங்கே போக வேண்டும் என்பதை வகுக்காததுதான்.

அதையும் சேர்த்து வகுத்தவர்கள் இந்த நாட்டிலேயே இருந்தார்கள். 1957இல் சுதந்திரம் கிடைத்ததையொட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேற, வாங்கிய வியாபாரிகள் அவற்றைத் துண்டுபோட்டு மறுபடி விற்க, தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருசேர இழந்து நின்ற அந்த வேளையில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கின் விலை நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் கேட்டது அந்தப் பத்து வெள்ளியைத்தான். நாட்கூலிக்காரக் குடும்பமொன்று பத்து மாதம் விடாமல் அதை எடுத்துவைக்க எதையெதை விட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: கள்ளுக்கடைக்குப் போகும் சில்லறை, பட்டணத்துச் சினிமா, தீபாவளிக்கு இரண்டாவது சேலை, விருந்தாளிக்கென்று வாங்கும் பிஸ்கோத்து டின். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் தொடங்கிப் பல தோட்டங்கள் இப்படித் தொழிலாளர் பங்கு போட்ட சங்கத்துக்கே சொந்தமாயின. அவர்கள் தங்களை எளிய வாழ்க்கை வாழ்கிறவர்களென்று சொல்லிக்கொண்டதில்லை. பத்து வெள்ளிக்கு ஒரு விலாசம் இருந்தது, அவ்வளவே.

தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிடுகிறார்கள், பிறகு சில மாதம் அதில் கொழுந்தே கிடையாது, பார்க்கிறவனுக்குப் பரிதாபமாயிருக்கும். ஆனால் வெட்டுவதற்கு முறையும் உயரமும் உண்டு. வெட்டிய கிளைகளையும் வாரி வெளியே எறிவதில்லை, அங்கேயே மண்ணைப் போர்த்தி மக்க விடுகிறார்கள்.

கால வரையறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுள் முழுவதற்குமாகப் பிரதிக்ஞை செய்கிறவனைக் கண்டால் எனக்குப் பயம். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் சட்டையையும் தொப்பியையும் களைந்து முழத்துண்டுக்கு மாறியபோது, குறைந்தது அக்டோபர் 31 வரையிலாவது இப்படியிருப்பேன் என்றுதான் அறிவித்தார். ஐந்தாறு வாரத்துக்கென்று எடுத்த நியமம் கடைசி மூச்சுவரை நீடித்தது வேறு விஷயம். எடுக்கும்போது அதற்கு ஒரு கரை இருந்தது. நியமத்தைப் பிறருக்குச் சொல்கிறவர் தாமும் அதில் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. நம் காலத்திலே, தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 2019இல் காலமான எஸ். எம். முகமது இத்ரிஸ், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டு இருந்து, வெள்ளை ஜிப்பாவோடு மேடையேறிச் சர்க்கரையைக் குறையுங்கள், வீண் பண்டம் வாங்காதீர்கள் என்று சலிப்பில்லாமல் சொல்லிவந்தார். அவர் பேச்சு எடுபட்டதற்கு அந்த ஜிப்பாவும் ஒரு காரணம்.

எனக்கு நான் வகுத்துக்கொண்ட விதிகள் அதிகமில்லை. தவணையில் எதுவும் வாங்குவதில்லை. ஆசைப்பட்டதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அடுத்த சம்பள நாள்வரை பொறுப்பது. அதற்குள் பாதி ஆசை தானே வாடிவிடும். கிழிந்ததையும் பழுதானதையும் தையல்காரரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ கொண்டுபோய்க் காட்டாமல் புதிது எடுப்பதில்லை. அவர் கூலி எனக்கு வீண்செலவல்ல. விலக்குகளை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு விலக்கு முளைக்கும்: மருந்து, பிள்ளைகளின் படிப்பு, தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு துணி. கல்யாண மொய்யும் சாவு வீட்டுச் செலவும் விதிக்கு அப்பாற்பட்டவை. தன் விரதத்தைச் சொல்லி உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவன் செய்வது எளிமையன்று, கஞ்சத்தனம். தன் நியமத்துக்கான கட்டணத்தைப் பிறர் தலையில் கட்டுவது தர்மமாகாது.

சுற்றுலாக்காரர்கள் வாங்காவிட்டால் ஸ்ட்ராபெரி தலையணை விற்பவரும் காய்கறிக்காரரும் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்பார் உண்டு. அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் மலிவாகவும் மிகுதியாகவும் வேண்டுமென்ற நம் ஆசைக்காக மேற்சரிவுகளில் காடு வெட்டப்பட்டு, மழைக்குக் கரைந்த மண் 1960களில் கட்டிய ரிங்லெட் ஏரியை வண்டலால் நிரப்பிக்கொண்டிருக்கிறதே, அதற்கு ஆகும் செலவை எந்தக் கடை ரசீதிலும் காணோம். அழுகித் தூக்கியெறியும் இரண்டாவது மூட்டைக் கீரையை வாங்காமல் விடுவதால் எந்த விவசாயியும் கெட்டுப்போக மாட்டார். வாங்குகிற ஒரு கட்டுக்கு நியாய விலை கொடுத்தால் அவருக்கு அதுவே பெரிது.

ஓராண்டு எப்போது தொடங்குகிறது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஜனவரி முதல் தேதியும் வேண்டாம், சித்திரை முதல் தேதியும் வேண்டாம். தீபாவளிக்கு வாங்கிய கடன் தீர்ந்த பிறகு வருகிற முதல் சம்பள நாளே என் கணக்குக்கு ஆண்டுப் பிறப்பு. அன்று மாலைக்குள், வீட்டுச் செலவுக்கு ஒரு காசு எடுக்குமுன், மிச்சமாகுமென்று மதிப்பிட்ட தொகை கூட்டுறவுப் பங்குக்கோ, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் நிதிக்கோ, பேரப்பிள்ளையின் சேமிப்புக்கோ வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். முப்பதாம் தேதி வரை வைத்திருந்து மிஞ்சியதை அனுப்பலாமென்று நினைத்தால், அனுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.