விசு வீட்டுக் கூடம்

விசுவின் படங்கள் கேமராவுக்கு முன் நடந்த மேடை நாடகங்கள்தான் என்று இன்றும் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இருக்கட்டுமே! மேடையில் வளர்ந்து, பாலசந்தரிடம் உதவியாளராக இருந்து, 'தில்லுமுல்லு'வுக்கு வசனம் எழுதி, 1982-இல் 'மணல் கயிறு' படத்தை இயக்கி, நாரதர் நாயுடுவாகவும் நடித்த மனிதருக்கு ஒரு கூடமும் வாய் ஓயாத நாலு பேரும் போதும். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த, மலேசியாவின் பெக்கோக் மாதிரி ஊர்களில், நெருக்கியடித்த தோட்ட வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கூடம் அந்நியமாகப் படவில்லை. 1986-இல் வந்து தேசிய விருதும் வாங்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' என்றதும், அப்பனும் மகனும் முறைத்துக்கொள்ள வீட்டுக்கு நடுவே கோடு விழும் காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிது அதன் முடிவு. உடைந்த குடும்பத்தை ஒட்டவைத்த மூத்த மருமகள் உமா, அதே கூரைக்குக் கீழே இருக்க மாட்டேன் என்று தனிக்குடித்தனம் போகிறாள். உமாவாக நடித்த லட்சுமி அதைக் குரல் உயர்த்தாமல் சொல்லும் விதம்தான் அடி. கூட்டுக் குடும்பத்துக்குக் கொடி பிடித்த இயக்குநர் என்று விசுவுக்கு முத்திரை குத்துகிறவர்கள் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து போனவர்கள் போலும். பிற்காலப் படங்களில் பேச்சு கூடிக் கதை மெலிந்தது உண்மைதான். அந்தப் பேச்சுக்குச் சரியான இடத்தைத் தொலைக்காட்சியின் 'அரட்டை அரங்கம்' கொடுத்தது.