சாராயக் கடை போச்சு. சர்க்கார் கடை வந்தாச்சு!



2007-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கர்நாடக மாநிலத்தில் சாராயக் கடைகள் மூடப்பட்டன. கூலி வாங்கிய கையோடு புருஷன் எங்கே நுழைவானோ என்று வாசலைப் பார்த்திருந்த பெண்களுக்கு அது நல்ல சேதியாகவே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? கடை போயிற்று, குடி போகவில்லை. பாக்கெட் மாறிற்று, பணம் போகும் பாதை மாறிற்று. சின்னக் கடைக்காரன் இருந்த இடத்தில் பெரிய கடைக்காரன் வந்து உட்கார்ந்தான். இந்த மாற்றத்தில் உழைப்பாளிக் குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன என்று கணக்குப் பார்ப்பதே இந்தத் தலையங்கத்தின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பழைய சாராயக் கடைக்காக நாம் கண்ணீர் விடவில்லை. அரசு ஏலம் விடும், காண்டிராக்டர் எடுப்பான், அவன் கைக்கு அடங்கிய கிளைக் கடைகள் தெருத்தெருவாக முளைக்கும். கடனுக்குக் கொடுத்துக் கணக்கு எழுதி, சம்பள நாளில் வழிமறித்து வசூல் செய்வது அந்தத் தொழிலின் மூச்சு. அது ஒழிந்ததில் நமக்கு வருத்தம் இல்லை.

ஆனால் ஒழித்தவர்கள் அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? வேலையையா? வைத்தியத்தையா? எதையும் வைக்கவில்லை. பத்து மாதம் கழித்து, 2008 மே மாதம், கோலார், பெங்களூர் வட்டாரங்களிலும், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 150 பேருக்கும் மேல் மாண்டு போனார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள். மலிவுச் சரக்கை மூடினால் ஏழை குடியை விட்டுவிடுவான் என்று நினைத்தவர்களுக்கு மெதனால் பதில் சொல்லிற்று.

அடுத்த கட்டம்தான் கவனிக்க வேண்டியது. 2009 முதல், மாநில அரசின் சொந்தக் கம்பெனியான எம்.எஸ்.ஐ.எல். தாலுகா தாலுகாவாகச் சில்லறை மதுக்கடைகளைத் திறக்கலாயிற்று. 1966-இல் தொடங்கிய கம்பெனி இது. நம் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப் போகும் 'லேகக்' நோட்டுப் புத்தகத்தை விற்பதும் இதே கம்பெனிதான்! ஒரு கையால் நோட்டு, மறு கையால் குவார்ட்டர். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசு வாங்கமாட்டோம், கலப்படம் கிடையாது என்பது இந்தக் கடைகளின் பெருமை. அந்தப் பெருமை பொய்யல்ல. தனியார் ஒயின் கடையில் பாட்டிலுக்குப் பத்தும் இருபதும் கூட்டி வாங்குவதை அறிந்தவர்களுக்கு இது நியாயக் கடையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இனி, இதனால் அக்கம்பக்கம் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

பழைய கடை வாசலில் சுண்டல், போட்டி வறுவல், ஆம்லெட் விற்றுப் பிழைத்த விதவைகள் உண்டு. கடை போனதோடு அந்தப் பிழைப்பும் போயிற்று. கடன் கணக்கு போயிற்று, நல்லதுதான். ஆனால் ரொக்கம் இல்லாதவன் இப்போது வட்டிக்காரனிடம் போய் நிற்கிறான். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்த மலிவுக் கடையில் உட்கார இடம் இல்லை. வாங்கிக்கொண்டு போகவேண்டும். எங்கே போவான்? தண்டவாள ஓரத்துக்கு, சயனைடு மண்மேட்டுக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்கு. லைன் வீட்டின் ஒற்றை அறையில், பாடம் படிக்கும் பிள்ளையின் கண்ணெதிரே பாக்கெட் பிரிகிறது. தெருவில் இருந்த கடையை அரசு வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகுமா?

போட்டி நியாயமானதா என்றால் அதுவும் இல்லை. கர்நாடகத்தில் 1992-க்குப் பிறகு புதிய ஒயின் கடைக்கும் பாருக்கும் லைசென்ஸ் கொடுப்பது நிறுத்தப்பட்டது. ஆகவே பழைய லைசென்ஸ் பொன் விலை பெற்றது. சிறிய ஆள் விற்றுவிட்டுப் போனான். பணக்காரன் வாங்கிச் சேர்த்தான். ஒரு பக்கம் லைசென்ஸ் முதலாளி, மறுபக்கம் அரசுக் கம்பெனி. நடுவில் நம் கூலி.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் 1983-இல் மொத்த வியாபாரத்துக்கென்று டாஸ்மாக் கம்பெனி பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. 2023-24-இல் அதன் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆந்திரத்தில் 2019 அக்டோபரில் கடைகளை அரசு எடுத்தது. 2024 அக்டோபரில் மறுபடியும் தனியாரிடம் கொடுத்தது. கூடவே குவார்ட்டர் 99 ரூபாய் என்று மலிவுச் சரக்கையும் இறக்கியது. கொடி மாறுகிறது, கல்லா மாறுவதில்லை.

கடல் தாண்டியும் பார்ப்போம். நம் பாட்டன்மாரைச் சுரங்கத்தில் இறக்கிய ஜான் டெய்லர் கம்பெனியின் தாய்நாட்டில், 'பப்' என்பது அந்தந்தத் தெருத் தொழிலாளி சாயங்காலம் கூடிப் பேசும் இடம். 1979-இல் லண்டனில் ஒரே கடையாகத் தொடங்கிய வெதர்ஸ்பூன் என்ற கம்பெனி, மொத்தமாக வாங்கி மலிவாக விற்று, பழைய சினிமாக் கொட்டகைகளையும் பாங்குக் கட்டடங்களையும் பெரிய பெரிய மதுக்கடைகளாக்கி, எட்டு நூறு கடை அளவுக்கு வளர்ந்தது. மதுவாலைக்குக் கட்டுப்பட்டு அது சொன்ன விலைக்கே சரக்கு எடுக்கவேண்டிய சிறு கடைக்காரன் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பலசரக்குப் பேரங்காடிகளின் மலிவு பீரும் சேர்ந்து அவனை நசுக்கிற்று. 2000-இல் 60,000 இருந்த பப்புகள் இன்று 45,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. கடை குறைந்ததால் குடிச்சாவு குறைந்ததா? 2022-இல் அந்நாட்டில் மதுவால் நேர்ந்த சாவுகள் 10,000-ஐத் தாண்டின. கடையின் எண்ணிக்கை வேறு, குடியின் அளவு வேறு என்பதே இதில் பாடம்.

இப்போது நம் தங்கவயலுக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28-இல் பி.ஜி.எம்.எல். சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம் பிள்ளைகளின் சுரங்கம் பெங்களூர்தான். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்பீல்டு என்று நின்றுகொண்டே போய், இரவு திரும்புகிறார்கள். நாளில் நான்கைந்து மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. அந்த உடம்பு வலிக்கு மருந்து என்று சொல்லித்தான் பாக்கெட் விற்கப்படுகிறது. கர்நாடக அரசு 2025-26 பட்ஜெட்டில் கலால் வருமானமாக எதிர்பார்த்த தொகை 40,000 கோடி ரூபாய். 2023 ஜூலையில் மதுவின் மேல் வரியை 20 சதவீதம் கூட்டியபோது குடிப்பவன் குடியைக் குறைக்கவில்லை. வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைத்தான். வேலை கொடுக்க முடியாத ஊரில் மது மட்டும் தட்டில்லாமல் கிடைக்கிறது!

"அப்படியானால் பூரண மதுவிலக்கா?" என்று கேட்பீர்கள். மேலிருந்து உத்தரவு போட்டு மூடுவதன் பலனை 2008-இல் பார்த்துவிட்டோம். "மூடினால் கள்ளச்சாராயம், திறந்தால் வருமானம்" என்று ஆட்சியாளர்கள் நம்மை இரண்டுக்கும் நடுவே நிறுத்துகிறார்கள். மூன்றாவது வழி உண்டு. அது மக்கள் கையில் அதிகாரம். 1992-இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள்தான் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தார்கள். அடுத்த ஆண்டே ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்ய நேர்ந்தது. மகாராஷ்டிரத்தில் வட்டாரப் பெண் வாக்காளர்களில் கால் பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால் வாக்கெடுப்பு நடக்கிறது. சின்னம் நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில்! பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் கடைக்குப் பூட்டு.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. மகாராஷ்டிரத்தைப் போல, வார்டு பெண்களின் வாக்கெடுப்பால் கடையை மூடும் உரிமையைக் கர்நாடகச் சட்டத்திலும் சேர்க்க வேண்டும். அரசுக் கம்பெனிக் கடைக்கும் விதிவிலக்கு கூடாது.

2. தங்கவயலில் வசூலாகும் கலால் வரியில் ஒரு பங்கை இவ்வூரின் வேலைவாய்ப்புக்கும் வைத்தியத்துக்கும் ஒதுக்க வேண்டும்.

3. ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையில் குடிநோயாளிக்குப் படுக்கையும் மருந்தும் இலவசமாக, தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். குடிநோய் ஒரு நோய், அவமானம் அல்ல.

4. ரயிலடியையும் பள்ளியையும் ஒட்டிய கடைகளை அப்புறப்படுத்த வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. சம்பளத்தை வீட்டுப் பெண்கள் கையில் சேர்ப்பது, மாலையில் கூடிப் பேச வாசகசாலையும் கேரம் பலகையும் ஏற்படுத்துவது ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. குடிக்காதே என்று சொன்னால் போதாது. உட்கார ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

மாரிகுப்பத்துக்கு இது புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கிளை பரப்பிற்று. பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மது விலக்கல். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத்தையே நிறுத்திக் காட்டியவர்களும் நம் முன்னோர்தான். கட்டை விரலைக் கொடுக்க மறுத்த கூட்டம், கூலியைக் கல்லாவில் கொடுக்க மறுக்க முடியாதா?

தாய்மார்களே, கையெழுத்து இயக்கத் தாள்கள் சங்கத்தில் தயாராக உள்ளன. லைன் லைனாக வருவோம். கதவைத் திறந்து வையுங்கள்!