சட்டியில் மிஞ்சுவது உடம்பில் ஏறும்

வயலும் கடலும் ஒட்டிக்கிடக்கும் கல்முனையில் ‘சோற்றை விடு’ என்பது ‘ஊரை விடு’ என்பது மாதிரி. விடவேண்டாம், அளவை மாற்றினால் போதும். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரஜன் குறைய, கொழுப்பு வயிற்றில் சேரும்; எலும்பு தேயும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. பகலுக்கு இரண்டு அகப்பை ஒன்றாகட்டும். மிச்ச இடத்தை முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியும் முருங்கையிலைச் சுண்டலும் பிடிக்கட்டும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர்கள் வைத்தியரைக் கேட்டே குறைக்கவேண்டும். உடம்பைச் சோதித்துப் பார்க்க, 35 வயது கடந்த பெண்களுக்கு அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. பிள்ளைகள் வைத்த மிச்சத்தைப் ‘பறக்கத்து’ என்று வழித்துத் தின்னும் உம்மாமாரே, பறக்கத்து வயிற்றில் இல்லை. நாளைக்கு ஒரு சுண்டு குறைத்து ஆக்குங்கள்.